டைனமோ மேஸ்திரியும் கடிக்கிற சுவரும்

மின்சாரத்தை முகத்துக்கு நேராக நின்று திட்டக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் ஆம்பூரில் பிறந்தார். நம்பாதவர்கள் அந்தக் காலத்து ஆம்பூர்க்காரர் யாராவது அகப்பட்டால் கேட்டுப் பாருங்கள். "யாரு, டைனமோ மேஸ்திரியா?" என்று முதலில் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அப்புறம் தங்கள் வீட்டில் அவர் செய்த அநியாயத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஆளுக்கு ஒரு அநியாயம் கைவசம் இருக்கும். என்னிடமும் ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷம் பொறுத்துவிட்டேன், இன்று சொல்லிவிடுகிறேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. 'டைனமோ மேஸ்திரி, ஆம்பூர்' என்று போட்டால் தபால் போய்ச் சேரும். அறுபதைத் தொடும் வயது. தலையில் வெள்ளைக் குல்லா, முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய கைலி, தோளில் ஒரு பழைய தோல் பை. பையின் மூடியில் கத்தியால் போட்ட மூன்று கீறல்களும் பக்கத்தில் ஒரு பொத்தலும் இருக்கும். காலில் மரக்கட்டைச் செருப்பு. ஊரே தோலில் பிழைக்கிற ஊரில் காலுக்குக் கட்டை போட்டுக்கொண்டு நடந்த ஒரே ஆள் அவர்தான். தெருமுனையில் டக் டக் என்று சத்தம் கேட்டால், எங்கேயோ ஒரு வீடு இருட்டில் கிடக்கிறது என்று அர்த்தம்.

"ஏன் மேஸ்திரி, கால் நோகாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கரண்டு மண்ணுக்குப் போறதுக்கு என் கால்ல வழி கேக்குது சார். நான் ஏன் வழி உடணும்?" என்றார். தூங்கும்போது மட்டும்தான் அந்தக் கட்டையைக் கழற்றுவார் என்று ஊரில் பேச்சு.

அவர் மேஸ்திரியான கதையே ஒரு கூத்து. முதலில் அவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் தொட்டி வேலைக்காரர். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. ஷாப்பு முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு டைனமோ வாங்கி வந்தார். அதை ஓட்டக் கூடவே ஒரு மெக்கானிக்கும் வந்தார். அந்த மெக்கானிக் தொட்டி நாற்றம் தாங்காமல் பத்தாம் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ரயிலேறிவிட்டார். அந்தப் பத்து நாளும் அவருக்கு அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து நின்றவர் நம்மவர். முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். டைனமோவுக்குப் பக்கத்தில் இவரைத் தவிர யாரும் இல்லை. பத்து நாள் விளக்குப் பிடித்த படிப்போடு நம் ஆள் மின்சார மேஸ்திரி ஆகிவிட்டார்.

அந்த டைனமோதான் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை முதலாளி பங்களாவுக்கும், அவருக்குச் சொந்தமான தெருவில் ஏழெட்டு வீடுகளுக்கும் வெளிச்சம் கொடுத்தது. அத்தனை வீட்டுக்கும் கம்பி இழுத்தவர் மேஸ்திரிதான்.

முதலாளி வீட்டில் ஒரு நிக்காஹ். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் பிரியாணிக்கு உட்கார்ந்த நேரத்தில் விளக்கு அத்தனையும் ஒரேயடியாக அணைந்துவிட்டது. மேஸ்திரி டைனமோ எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் உருதுவில் நயமாகச் சொல்லிப் பார்த்தார். அது கேட்கவில்லை. தமிழில் அதன் வம்சத்தையே இழுத்தார். அசையவில்லை. கடைசியில் எழுந்து நின்று தெலுங்கில் நாலு வார்த்தை விட்டு, ஒரு உதையும் விட்டார். உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. "இது தெலுங்கு மிஷினு சார். தமிழ்ல திட்டுனா ரோசமே வர்ல" என்று அப்புறம் எல்லோரிடமும் விளக்கம் சொன்னார். உதைத்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போய்க் கம்பியைப் பிரித்தாலும், முன்னால் வேலை செய்தவனைத் திட்டிவிட்டுத்தான் தன் வேலையை ஆரம்பிப்பார். "எந்தக் கயிதை செஞ்ச வேல இது? இவனுக்கெல்லாம் யார் சோறு போட்டது?" என்று அரை மணி நேரம் போகும். அந்த ஊரில் அதுவரை கம்பி இழுத்தவர் அவர் ஒருவர்தான் என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தியதில்லை. நினைவுபடுத்தினால் பாதியில் போய்விடுவாரோ என்று பயம்.

அவர் வீட்டில் அரிக்கேன் விளக்குதான். கேட்டால், "பகல் பூரா அதோட சண்ட போட்டுட்டு வர்றேன். வூட்லயாவது நிம்மதியா இருக்க வாணாமா?" என்பார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் குமாஸ்தா. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். முதலாளியின் தெருவில், ஆறு பல்பு எரிகிற வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஆறு பல்பு! என் மனைவி கனகா பிறந்த வாலாஜாபேட்டை வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான். கல்யாணம் பேசும்போது என் சம்பளத்தை நான் பெரிதாகச் சொல்லவில்லை, சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பல்புகளைப் பற்றித்தான் பேசினேன். என் மாமனார் தாலுகா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நம்புவதற்கு முன் மூன்று நகல் கேட்கிற மனிதர். அவரே அன்று, "ஆறா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கனகா தலைப்பிரசவத்துக்கு வாலாஜாபேட்டைக்குப் போனாள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் அனுப்புவதாகப் பேச்சு. மூன்றாம் மாதம் குழந்தைக்கு மாந்தம் என்றார் மாமனார். அடுத்தது ஆடி, ஆகாது என்றார். ஆவணியில் அவருக்கே முதுகுவலி. புரட்டாசியில் யாரும் குழந்தையை ஊர் மாற்றுவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஏழு மாதத்தில் நான் என் மகளை இரண்டே தடவை பார்த்திருந்தேன். அதில் ஒரு தடவை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். என் பெண் கண்ணைத் திறந்து பார்த்தால் எப்படி இருப்பாள் என்று எனக்குப் பாதிதான் தெரியும். மண்டியில் பில் எழுதிக்கொண்டிருப்பேன், திடீரென்று அந்த நினைப்பு வந்து எழுத்து கோணிப்போகும். கடைசியில், ஐப்பசியில் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு அழைத்து வருகிறேன் என்று மாமனார் கடிதம் போட்டார். படித்துவிட்டு நான் தெருவில் போன பால்காரருக்கெல்லாம் வணக்கம் சொன்னேன்.

அந்த வருஷம்தான் டைனமோவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஊருக்குப் பொதுக் கரண்டு வந்தது. இரவு பகல் எந்நேரமும் கரண்டு. வேகமும் ஜாஸ்தி. ஆனால் வீட்டுக்குள் ஓடுகிற கம்பி பழைய கம்பியேதான். "கம்பிதான் நல்லா கீதே, அத்த ஏன் மாத்தணும்?" என்றார் முதலாளி. மேஸ்திரியும் ஆமோதித்து, ஒரே வாரத்தில் தெரு முழுவதும் பழைய கம்பியைப் புதுக் கரண்டோடு முடிந்துவிட்டார். பல்பு கண்ணைப் பறித்தது. நான் பூரித்துப் போனேன்.

மாமனார் வந்த ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. குடையும் ஜரிகைத் தலைப்பாகையுமாக வந்து இறங்கியவர், கால் கழுவிக்கொள்ளப் பின்கட்டுக்குப் போனார். நான் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, விழாமல் இருப்பதற்காகச் சுவரில் கையை ஊன்றினார்.

"ஆ!" என்று ஒரு சத்தம். குடை ஒரு பக்கம் பறந்தது, தலைப்பாகை ஒரு பக்கம் உருண்டது. தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா! வழுக்கிடுச்சா?"

அவர் மெதுவாக எழுந்தார். சுவரை ஒருமுறை பார்த்தார். ஒற்றை விரலை நீட்டி மறுபடியும் தொட்டார். மறுபடியும் துள்ளினார். பிறகு கூடத்துக்கு வந்து, நாற்காலியை நாலு சுவருக்கும் எட்டாமல் நட்டநடுவில் போடச் சொல்லி, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாப்ளே, உங்க வீட்டுச் சுவர் கடிக்குது. சும்மா சொல்லல, ரெண்டு தடவ தொட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"மழை ஈரத்துக்கு அப்படி இருக்கும் மாமா..."

"ஆறு பல்புன்னு சொன்னீங்க. சுவரும் கடிக்கும்னு சொல்லலையே." குரலை உயர்த்தாமல்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. "பாப்பா தவழ ஆரம்பிச்சிட்டா. கண்டதையும் தொடுறா. என் பொண்ணையும் பேத்தியையும் நான் இந்த வீட்டுக்கு அனுப்புறதா இல்ல. வேற வீடு பாத்துட்டு லெட்டர் போடுங்க."

ஈர வேஷ்டியோடு அடுத்த ரயிலுக்கே போய்விட்டார். நான் அவர் உட்கார்ந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள் என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். எனக்கு அழுகை வந்தது என்று எழுதுவதில் இப்போது என்ன வெட்கம்? அழுதேன்.

வேறு வீடு தேடினேன். கிடைத்த இரண்டும் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில். அந்தக் காற்றில் பெரியவர்களே இருமுவார்கள். வேறு வழியில்லாமல் மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினேன். டக் டக் என்று வந்தார்.

"செவுரு கடிக்காது சார். கடிக்கறதுக்கு அதுக்கு இன்னா பல்லா கீது?" என்று சொல்லிக்கொண்டே புறங்கையால் சுவரைத் தொட்டார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "கடிக்குது" என்றார்.

ஏணியைப் போட்டு ஏறினார். அந்தக் காலத்து வீடுகளில் கம்பி வெளியே தெரியாது. சுவரோடு ஒரு நீளமான மரச்சட்டம் ஓடும், அதற்கு ஒரு மூடி, உள்ளே கம்பி. மேஸ்திரி மூடியின் ஆணியைப் பிடுங்கினார். கீழே நின்ற எனக்கு முதலில் வந்தது வாசனைதான். மண்டிக்காரன் மூக்கு, ஏமாறாது. நனைந்த தோல்.

கம்பியும் கம்பியும் சேருகிற முடிச்சில் மேலே டேப்பு சுற்றியிருக்க வேண்டும். சுற்றியிருந்தது தோல். விரல் அகலத்துக்கு நறுக்கிய தோல் துண்டு ஊறி உப்பி, பழுப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரி அதை உருவி என் காலடியில் எறிந்தார்.

"எந்தக் கயிதை சார் செஞ்ச வேல இது? தோல சுத்திக் கீறான்! கரண்டு இன்னா செருப்பா தைக்கப் போவுது? இவன் கைய ஒடிக்கணும். இவன மாதிரி ஆளுங்களாலதான் நம்ம தொழிலுக்கே பேஜாரு!"

அவர் பாட்டுக்கு மேலே திட்டிக்கொண்டே போனார். நான் துண்டைக் குனிந்து எடுத்தேன். தொட்டியில் பலருடைய தோலும் ஒன்றாக ஊறும். யார் வேலை எது என்று பின்னால் தெரிவதற்காக ஒவ்வொரு வேலைக்காரரும் தன் தோலின் ஓரத்தில் கத்தியால் ஒரு அடையாளம் போட்டு வைப்பார். தினம் ஆயிரம் தோலைப் புரட்டுகிற எனக்குக் கண் தானாகவே ஓரத்துக்குத்தான் போகும். மூன்று கீறல். பக்கத்தில் ஒரு பொத்தல்.

துண்டை அவரிடம் நீட்டினேன். அப்புறம் ஏணியில் தொங்கிய அவருடைய பையைப் பார்த்தேன்.

மேஸ்திரி துண்டைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மறுபடியும் துண்டைப் பார்த்தார். ஏணியின் நடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரைப் பேசாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இந்த மார்க்கு போட்டவன் நல்ல வேலக்காரன்தான் சார்" என்றார் கடைசியில். "தொட்டியில. அவன் இன்னாத்துக்குக் கம்பில கை வெச்சான்?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கம்பி இழுத்த வருஷம் மெட்ராஸிலிருந்து டேப்பு வந்து சேரவில்லை. முதலாளி வீட்டு விசேஷத்துக்கு இரண்டே நாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தோல்தான். டைனமோ சக்கரத்தைச் சுழற்றுகிற பெல்ட்டே தோல், அதைக் கரண்டு ஒன்றும் செய்யவில்லை, அப்படியென்றால் கம்பிக்கும் தோல் போதும் என்று நினைத்துவிட்டார். ஷாப்பில் கழித்துப் போட்டிருந்த தன் மார்க்குத் தோலை நறுக்கி எல்லா வீட்டிலும் சுற்றினார். அந்தத் தோலை ஏன் கழித்தார்கள்? உப்புப் போகக் கழுவாமலே அவர் தொட்டிக்கு வந்த தோல், அதனால் கழித்தார்கள். உப்பு நிற்கிற தோல் மழைக்காலத்தில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வியர்க்கும். இது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வெயில் காலம் முழுவதும் அந்தத் தோல் சமர்த்தாக இருந்தது. மழைக்காலத்தில் வியர்த்துச் சுவரை நனைத்தது.

"டைனமோ கரண்டு சாதுவான கரண்டு சார். லேசா கிள்ளும், அவ்ளோதான். அதுவும் நாலு மணி நேரந்தான். இந்தப் புதுசு மொரடு." துண்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வூட்ல கொழந்த கீதா சார்?"

"இருக்கு. வாலாஜாவில் இருக்கு. இந்தச் சுவரால்தான் வரவில்லை" என்றேன். கடித்துத் துப்புகிற மாதிரிதான் சொன்னேன். என் ஆத்திரம் எனக்கு. மேஸ்திரி ஏணியை நகர்த்திப் போட்டு அடுத்த மூடியைப் பிடுங்க ஆரம்பித்தார்.

ஒன்பது நாள் வேலை. வீட்டுக்குள் ஒரு அங்குலம் கம்பி மிச்சமில்லை. எல்லாவற்றையும் உருவினார், புதுக் கம்பி ஓட்டினார், ஒவ்வொரு முடிச்சிலும் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். ஒவ்வொரு தோல் துண்டு வெளியே வரும்போதும், "டேய் டைனமோ, நீயெல்லாம் ஒரு மனுசனாடா?" என்று கேட்பார். தன் பெயரைச் சொல்லித் தன்னையே திட்டிக்கொள்கிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சில நேரம் எனக்கே பாவமாக இருக்கும், "விடுங்க மேஸ்திரி" என்பேன். "நீங்க சும்மா இருங்க சார், உங்களுக்கு அவனப் பத்தித் தெரியாது" என்பார்.

முடித்த பிறகு சுண்ணாம்பு அடித்தோம். இதற்கு நடுவில் கனகாவிடமிருந்து கடிதம். 'கடிக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அப்பாதான் சொல்கிறார். பாப்பா சுவரைக் கண்டால் விடமாட்டேன் என்கிறாள், இரண்டு கையாலும் அறைகிறாள். அப்பா உங்களுக்கு இங்கேயே ஒரு பட்டுக்கடையில் கணக்கெழுத இடம் பார்க்கிறார். எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.'

கடிதத்தை எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் ஓடினேன். "வேலைதான் முடிந்துவிட்டதே, மாமனாரை நாளைக்கே வரச் சொல்லட்டுமா?" என்றேன்.

"வாணாம் சார். வெயில்ல பாத்தா எல்லா வூடும் நல்ல வூடுதான். மழ வரட்டும்."

மாமனாருக்கு நான் எழுதிய மாதிரிக் கடிதத்தை அநேகமாக உலகத்தில் வேறு எந்த மாப்பிள்ளையும் எழுதியிருக்க மாட்டான். 'ஷேமம். தாங்கள் நன்றாக மழை பெய்கிற நாளாகப் பார்த்து வரவேண்டும்.' அதற்கப்புறம் வானம் வஞ்சனை செய்தது. தினமும் காலையில் வாசலில் நின்று மேகத்தைப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் விடியும்போதே கொட்ட ஆரம்பித்தது. பதினோரு மணிக்கு மாமனார் குடையோடு வந்துவிட்டார். காலைக் கழுவக்கூடப் பின்கட்டுக்குப் போகவில்லை. நடுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

மேஸ்திரி வாசலில் நின்றார். "பெரியவரே, கடிச்ச செவுரு பின்னாடிதானே?"

"அதுதான்."

மேஸ்திரி தோல் பையை இறக்கி வைத்தார். அப்புறம் கட்டைச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். அங்கிருந்த தண்ணீர்த் தொட்டியில் காலை முழங்கால் வரை நனைத்தார். இரண்டு கையையும் நனைத்துக்கொண்டார். துடைக்கவில்லை. "பிஸ்மில்லா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்து, கை இரண்டையும் தரையில் ஊன்றி மண்டி போட்டார்.

"இன்னாய்யா பண்றே?" என்றார் மாமனார். கச்சேரிக்காரர், எங்கள் தெருப் பாஷையில் பேசி நான் கேட்டதே இல்லை.

"நிக்கிறவன் தொடுற எடத்துல தொட்டா இன்னா பிரயோசனம் பெரியவரே? கொழந்த கை வெக்கிற எடம் வேற."

அறுபது வயது மனிதர் தவழ்ந்தார். வாசல்காலிலிருந்து ஆரம்பித்துச் சுவரோரமாகவே போனார். ஒரு சாண் உயரத்தில், முழு உள்ளங்கையையும் சுவரில் அழுத்தி வைப்பார். எடுப்பார். ஒரு முழம் தவழ்ந்து மறுபடியும் அழுத்துவார். கூடம் முடிந்தது. அறை முடிந்தது. பின்கட்டில் மாமனாரைக் கடித்த இடத்தில் இரண்டு கையையும் வைத்து, கன்னத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. நானும் மாமனாரும் அவர் பின்னாலேயே போனோம். எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். என் பெண் நாளைக்கு இங்கேதான் தவழ்வாள் என்று தோன்றியதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

சமையலறையில், அம்மிக்குப் பக்கத்தில் கை வைத்தார். உடம்பு ஒரு உதறல் உதறியது. குல்லா கீழே விழுந்தது.

மாமனார் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு, பட்டுக்கடைதான் என்று முடிவு செய்துவிட்டேன். மேஸ்திரி ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். வழுக்கிற்று, வயசாகிவிட்டது, எது சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன்.

அவர் திரும்பி, "இங்க இன்னும் ஒண்ணு கீது" என்றார்.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து அந்த இடத்தைத் தோண்டினார். பின்கட்டு விளக்குக்குக் கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு போகிற பொந்து அது. வெளியே மூடி கிடையாது, அதனால் கண்ணில் படாமல் போய்விட்டது. உள்ளே பழைய கம்பியில் ஒரு முழம் மிச்சம் நின்றது. அதன் முடிச்சில் ஒரு தோல் துண்டு. ஓரத்தில் மூன்று கீறலும் ஒரு பொத்தலும். கொளகொளவென்று ஊறிப்போன அதை இரண்டு கையாலும் பிய்த்து எடுத்தார். கை இரண்டும் பட்டைச்சாறு ஏறிக் கருஞ்சிவப்பாகிவிட்டது. புதுக் கம்பி போட்டு டேப்பு சுற்றினார். ஸ்விட்சைப் போட்டார். அப்புறம் வாசலுக்குப் போய், மறுபடியும் காலை நனைத்துக்கொண்டு, முதலிலிருந்து தவழ ஆரம்பித்தார்.

"எல்லாத்தையும்தான் தொட்டுப் பார்த்துட்டீங்களே மேஸ்திரி!" என்றேன்.

"ஒண்ணு உட்டவன் ரெண்டு உட்டிருப்பான் சார். எனக்கு அவனத் தெரியும்."

இரண்டாம் தடவை எங்கும் கடிக்கவில்லை. அவர் பின்கட்டில் கையை ஊன்றி எழுந்திருக்க முடியாமல் எழுந்தபோது, மாமனார்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு தன் கையை மழைத் தண்ணீரில் நனைத்து, போன தடவை தன்னைத் தூக்கியெறிந்த அதே இடத்தில் வைத்தார். ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தார்.

"எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் மாப்ளே" என்றார் என்னைப் பார்த்து. "இன்னும் ஒண்ணு இருக்குன்னு சொன்னார் பாருங்க. புதன்கிழமை நாள் நல்லாருக்கு. கூட்டிட்டு வர்றேன்."

புதன்கிழமை கனகா வந்தாள். என் மகள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னை உற்றுப் பார்த்தாள், பார்த்துவிட்டு வீறிட்டு அழுதாள். பரவாயில்லை, கண் திறந்திருந்தது.

குழந்தையைக் கீழே விட்ட பிறகுதான் கனகா சுவரைப் பார்த்தாள். புதுச் சுண்ணாம்பின் மேல், ஒரு சாண் உயரத்தில், வீடு முழுக்கச் சுற்றிலும் கருஞ்சிவப்பாக உள்ளங்கை உள்ளங்கையாக அச்சு. பட்டைச்சாறு சுண்ணாம்பில் பட்டால் போகாது. "ஐயய்யோ, இன்னாங்க இது? எந்தப் புண்ணியவான் செஞ்ச வேல?" என்றாள். சொன்னேன். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டக் டக் சத்தம் கேட்டது. மேஸ்திரி வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னால், "இருக்கட்டும் சார்" என்றார். என் மகள் சுவரோரமாகத் தவழ்ந்து, நின்று, இரண்டு கையாலும் பளார் பளார் என்று அறைந்து, மறுபடியும் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் கை சுவரில் படும்போதெல்லாம் மேஸ்திரியின் தோள் ஒரு தடவை குலுங்கும். அவள் கூடத்தை முழுசாக ஒரு சுற்று வந்து முடிக்கும் வரை நின்றார். "சரி, வர்றேன். இன்னும் ஏழு வூடு கீது" என்று கிளம்பினார்.

அந்த ஏழு வீட்டிலும் அவர் முதலில் சொன்னது, "முன்னாடி செஞ்ச கயிதை நான்தான்" என்பது. ஏழு வீட்டிலும் கட்டையைக் கழற்றித் தவழ்ந்தார். குழந்தையே இல்லாத வீட்டிலும் தவழ்ந்தார் என்று கேள்வி. அதற்கப்புறம் ஒரு மாதம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்களிடம் கரண்டைத் திட்டினார்.

ஒன்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அந்த ஒரு சாண் உயரத்தில் மட்டும் கனகா மட்டையை வைக்க விடமாட்டாள். மேஸ்திரி அதற்குள் காலமாகிவிட்டார். ஊரிலிருந்த கட்டைச் செருப்புச் சத்தமும் அவரோடு போயிற்று.

வீட்டைக் காலி செய்த அன்று வண்டியில் சாமானை ஏற்றிவிட்டுப் பூட்டுவதற்காக நான் மட்டும் உள்ளே போனேன். அக்கம்பக்கம் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, குனிந்து, அம்மி கிடந்த இடத்தில் இருந்த ஒரு அச்சின் மேல் என் கையை வைத்தேன். சுவர் கடிக்கவில்லை. எனக்குத்தான் நெஞ்சில் சுருக்கென்றது.